கூட்டத்துக்கு முன்னால் கிளம்புகிறவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை, எதன்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் வைத்துச் சொல்வேன். சம்பந்தப்பட்ட அம்மாளின் கணவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவும் தயார்தான். என்ன, அவர் காலமாகிவிட்டார். அந்தச் சத்தியம் செல்லுமா செல்லாதா என்பதை விவரம் தெரிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எந்த இடத்திலும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கலாம். அதில் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது கடைசியில் தெரியும்.

விஷயம் ஒரு சின்னக் கோளாறில் ஆரம்பித்தது. வெயில் கொளுத்தும் பகல் வேளையில், சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுண்ட்டர் ஓட்டைக்கு முன்னால் குனிந்து, மேஜர் "ரெண்டு" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவள் காதில் விழுந்தது. அதற்குள் உள்ளேயிருந்த பெண் இரண்டு டிக்கெட்டையும் கிழித்து வெளியே தள்ளிவிட்டாள். தவறாகச் சொல்லிவிட்டேன், ஒன்றுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். மேஜர் சொல்லமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அவள் எதையும் தவறாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டதே கிடையாது.

மேஜர் என்பது ஆஸ்பத்திரியில் வைத்த பட்டப்பெயர். ஆண்கள் வார்டில் அவள் தலைமை நர்ஸ். வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் முனகிக்கொண்டிருப்பவன் வாயை மூடிக்கொள்வான். மருந்து கசக்கிறது என்று துப்பியவன் இன்னொரு கரண்டி கேட்பான். அவள் டியூட்டியில் இருக்கும்போது சாகக் கிடந்தவர்கள்கூட மரியாதைக்கு அடுத்த ஷிப்டுக்குத் தள்ளிப் போட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் கணக்கை நான் சரிபார்க்கவில்லை.

அவளிடம் அந்த மரியாதையைக் காட்டாமல் போனவர் ஒருவர்தான். அவளுடைய கணவர். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். நல்ல மனிதர், பார்க்கவும் லட்சணமாக இருப்பார், இதை நடுநிலையோடுதான் சொல்கிறேன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. எங்கே போனாலும் கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். கல்யாண வீட்டில் கடைசி வாய்ச் சோறு வாயில் இருக்கும்போதே செருப்பைத் தேடுவார். துக்க வீட்டில் அழுகை சூடு பிடிப்பதற்குள் தெருமுனைக்கு வந்திருப்பார். கிளம்பலாம் என்பதை வாயால் சொல்லமாட்டார். பக்கத்தில் இருக்கும் மனைவியின் இடது மணிக்கட்டில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். அவ்வளவுதான். எழுந்துவிட வேண்டும்.

போனதும் அப்படித்தான் போனார். அவளுடைய வார்டிலேயே, ஜன்னலோரப் படுக்கையில். டாக்டர்கள் ரவுண்டுக்கு வருவதற்கு முன்னால், உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால். அவள் நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மணிக்கட்டில் இரண்டு தட்டு விழுந்தது. அப்புறம் விரலுக்கடியில் நாடி இல்லை. மற்ற நோயாளிகளுக்குச் செய்கிற எல்லாவற்றையும் அவள் தன் கையாலேயே செய்தாள். பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். கண்ணை மூடினாள். இடது இமை முழுதாக மூட மறுத்தது. ஆஸ்பத்திரி வழக்கப்படி ஈரப் பஞ்சை உருட்டி இரண்டு கண்ணிலும் வைத்தாள். அப்போதும் அவள் அழவில்லை. "இதுக்கும் அவசரம்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரர் அதைக் கேட்டிருக்கிறார்.

இனி படத்தைப் பற்றி.

அது போர்க்காலக் காதல் படம். கறுப்பு வெள்ளை. வந்த காலத்திலிருந்து இன்றுவரை யார் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு "ஆகா" என்று சொல்கிற படம். போர்முனையில் ஒரு கூடார ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நர்ஸ். கண்ணில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கும் ஒரு லெப்டினன்ட். அவன் அவளைப் பார்த்ததே இல்லை. குரல் மட்டும்தான் தெரியும். அந்தக் குரலை அவன் காதலிக்கிறான். நடுவில் குண்டு விழுந்து அவள் முகத்தில் பாதி தீய்ந்துபோகிறது. அது அவனுக்குத் தெரியாது. கடைசியில் ரயில் நிலையம். அவனுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது, பார்வை வந்துவிட்டது, மறுபடியும் போர்முனைக்குப் போகிறான். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, பிளாட்பாரத்தில் நிற்கும் நர்சுகளின் முகங்களில் அவளைத் தேடுகிறான். அவள் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் வாய் திறந்து கூப்பிட்டால்தான் அவனுக்குத் தெரியும். ரயில் விசில் ஊதுகிறது. அவள் உதடு பிரிகிறது.

டொக், டொக்.

கூப்பிட்டாளா, இல்லையா? மேஜருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை, பிறகு அந்தப் படம் திரும்பத் திரும்ப ஓட்டப்பட்ட போதெல்லாம் ஒவ்வொரு தடவை, அந்த விசிலோடு எழுந்து, அடுத்தவர் முழங்காலில் இடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். டி.வி.யில் போட்டபோது பார்த்திருக்கலாம். மாட்டேன் என்றாள். கொட்டகையில் பறிபோனதைக் கொட்டகையில்தான் வாங்க வேண்டும் என்பது அவள் கட்சி. யாராவது முடிவைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வாள். இப்போது படத்தைக் கழுவித் துடைத்துப் புதுப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. இன்று முடிவைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள்.

வீட்டில் கிளம்பும்போது தங்கைக்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வெயில்ல போயே ஆகணுமாக்கா? முடிவுதான வேணும்? நான் ரெண்டே வார்த்தையில சொல்லிடுறேன். அவ என்ன பண்ணுவான்னா..."

"வாயத் தொறந்த, ஊசி போட்டுடுவேன்டி."

"சரி சரி. தனியா போறியே, இருட்டுல பயமா இருக்காதா?"

"நான் பார்க்காத இருட்டா? என்னப் பார்த்துதான் இருட்டு பயப்படணும்."

"அத்தான் இருந்திருந்தா விட்டிருப்பாரா உன்ன, கடைசி வரைக்கும்?"

"அதான் இப்ப இல்லையே" என்றாள் மேஜர். சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை என்று தங்கைக்காரி பின்னால் எல்லாரிடமும் சொன்னாள்.

டிக்கெட் கிழிக்கிறவர் நரைத்த மீசைக்காரர். கக்கத்தில் டார்ச். அவளை ஏற இறங்கப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"ரெண்டு டிக்கெட் இருக்கு. இன்னொருத்தர் எங்கம்மா?"

அங்கேயாவது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

"பின்னாடி வர்றாரு" என்றாள் மேஜர்.

"சரிம்மா. வந்தா அனுப்பி விடுறேன்."

உள்ளே நுழைந்ததும் வெளியுலகத்து வெயில் ஒரு போர்வையை உருவியதுபோல உடம்பைவிட்டுப் போயிற்று. கண் பழகும் வரை சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். பழைய கொட்டகைதான். கால் வைத்தால் அமுங்கும் கம்பளம், அதில் ஊறிப்போன பழைய மழைக்காலங்களின் ஈர வாசனை, பொரித்த சோள வாசனை, யாரோ தலையில் வைத்த எண்ணெய் வாசனை, மேலே எங்கேயோ ஒரு மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொள்கிற சத்தம். எல்லாம் பழைய ஸ்பிரிங் நாற்காலிகள். ஆள் எழுந்தால் மடங்கி நிமிர்ந்துகொள்ளும். அங்கொருவர் இங்கொருவராகத் தலைகள் தெரிந்தன. எல்லாம் நரைத்த தலைகள்.

அவளுக்கு நடு வரிசை. பக்கத்து நாற்காலி ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தது.

ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கையால் நிமிர்த்தினாள். ஒழுங்காக நிமிர்ந்து நின்றது. இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. நல்ல ஸ்பிரிங்தான்.

விளக்கு அணைந்தது.

படம் தொடங்கிக் கூடார ஆஸ்பத்திரி வந்து, மழையில் ஸ்டிரெச்சர்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடும் காட்சியில், வழக்கம்போல அவள் தன்னை மறந்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நர்ஸ் கட்டுப் போடும் முறை தப்பு என்று சொல்லிக்கொள்வாள்; இந்தத் தடவையும் சொல்லிக்கொண்டாள். மழை, குண்டு, குதிரைகளின் கனைப்பு, அத்தனைக்கும் நடுவில் தன் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தத்தைக் கேட்டாள். துருப்பிடித்த கீல் மெதுவாகத் திரும்பும் சத்தம். பாதி வரை இறங்கி நின்றது. ஒரு பெருமூச்சு. அப்புறம் மீதிப் பாதி. முழங்கால் வலி உள்ளவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

மேஜர் திரும்பிப் பார்க்கவில்லை. வார்டில் அவள் கற்ற பாடம் ஒன்று உண்டு: ராத்திரியில் எந்தப் படுக்கைப் பக்கமாவது திரும்பிப் பார்த்துவிட்டால் அப்புறம் ஏதாவது செய்தாக வேண்டும். பார்க்காதவரை பொறுப்பு இல்லை. யாரோ லேட்டாக வந்தவர், இடம் மாறி உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாள். கைப்பையை மடியில் இன்னும் கொஞ்சம் வலதுபக்கமாக நகர்த்தினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. முதலில் புதினா மிட்டாய். டிப்போ புகைக்கு நல்லது என்று அவர் எப்போதும் வாயில் ஒன்று அடக்கியிருப்பார். அந்தப் புதினாவுக்கு அடியில், தண்ணீருக்கு அடியில் சேறு இருப்பதுபோல, இன்னொன்று. நனைந்த பஞ்சு. ஃபார்மலின். ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இரும்புக் கதவு போட்ட அந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் குளிர். அந்தக் குளிர் அவள் இடது தோளிலிருந்து முழங்கை வரை இறங்கியது. வலது பக்கம் புழுங்கிக்கொண்டிருந்தது.

கடக்.

மிட்டாய் பல்லில் இடிக்கும் சத்தம். பல்செட்டில் இடித்தால்தான் அப்படிக் கேட்கும். அவள் எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்தோடு தூங்கியவள். அந்தப் பல்செட் வீட்டு அலமாரியில் கிண்ணத்தில் இருக்கிறது. காலையில்தான் தூசி தட்டி வைத்தாள்.

கடக். கடக்.

இடைவேளை விளக்கு வந்ததும் திரும்பினாள். யாரும் இல்லை. ஆனால் நாற்காலி கீழேயே இருந்தது. மெத்தையில் ஒரு குழி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெதுவாக மேலெழும்பிச் சமமாயிற்று. அப்போதும் நாற்காலி மடங்கவில்லை.

டிக்கெட் கிழிக்கிறவர் கதவுகளைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரும்மா. இருட்டா இருக்கே, டார்ச் அடிக்கட்டுமான்னேன். கண்ணுல கட்டுப் போட்டிருக்கே, டார்ச் எதுக்குன்னுட்டாரு. தமாஷான ஆளுதான்."

"எங்க இப்ப?"

"இங்கதான இருந்தாரு?" அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

முன் வரிசையில் ஒரு பெரியவர் இரண்டு கையிலும் டீயோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒன்றைத் தான் குடித்தார். இன்னொன்றைத் தன் பக்கத்திலிருந்த வெறும் நாற்காலிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார். ஆவி பறந்தது. மேஜர் பார்ப்பதைக் கண்டு அசடு வழிந்தார்.

"பழக்கதோஷம்மா. அவ போய் மூணு வருஷமாச்சு. டிக்கெட்கூட ரெண்டு எடுத்துத் தொலைச்சிட்டேன் பாருங்க."

"அந்த நாற்காலி ஏன் கீழ எறங்கியிருக்கு?"

"ஸ்பிரிங் சரியில்ல போல." அவர் குரலைத் தணித்தார். "நான் நிமித்திப் பார்த்தேன். நிக்கமாட்டேங்குது."

மேஜர் எழுந்து நின்று கொட்டகை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள். ரவுண்டு போகிற பார்வை. நரைத்த தலை ஒன்று, பக்கத்தில் இறங்கிய நாற்காலி ஒன்று. ஓரத்தில் சால்வை போர்த்திய ஓர் அம்மாள், பக்கத்தில் இறங்கிய நாற்காலி. கடைசி வரிசை வரை அப்படித்தான். ஆள் இல்லாத மற்ற நாற்காலிகள் எல்லாம் ஒழுங்காக மடங்கி நின்றன.

போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ஓர் ஆட்டோ நின்றது. இரண்டு எட்டு வைத்தால் தெருவில் இருக்கலாம். அவள் காலே அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய காலைப் பார்த்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பாதியில் எழுந்த கால். பாட்டுக் கச்சேரியில் எழுந்த கால். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் போட்டோ எடுப்பதற்குள் எழுந்த கால். உயிரோடு இருந்தபோதுதான் எழுப்பினார் என்றால், செத்தும் எழுப்பவா?

"முடியாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். டீப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். மேஜர் உட்கார்ந்தாள். கைப்பிடியில் முழங்கையை ஊன்றினாள். இடது பக்கத்துக் கைப்பிடியில்.

விளக்கு அணைந்தது.

இந்த முறை நாற்காலி சத்தம் போடவில்லை. போட வேண்டிய அவசியம் இல்லை. புதினா வந்தது. குளிர் வந்தது. திரையில் குண்டு விழுந்து, கூடாரம் எரிந்து, நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அந்த நெருப்பு வெளிச்சத்தில், கண்ணின் ஓரத்தில், தன் முழங்கைக்குப் பக்கத்தில் இன்னொரு முழங்கை இருப்பதை மேஜர் கண்டாள். சட்டைக் கை. டிப்போக் காக்கி. நனைந்திருந்தது. நுனியிலிருந்து ஒரு சொட்டு. கம்பளத்தில் அது விழுந்த சத்தம், குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

திரையில் கட்டு அவிழ்த்தார்கள்.

சொட்டு.

லெப்டினன்ட் கண் திறந்தான். வெளிச்சம் என்றான்.

சொட்டு.

ரயில் நிலையம். புகை. பிளாட்பாரத்தில் வெள்ளைத் தொப்பிகள். ஒவ்வொரு முகமாகத் தேடுகிறான். தூண். தூணுக்குப் பின்னால் அவள். மேஜர் மூச்சை அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் மூச்சு இல்லவே இல்லை.

விசில்.

டொக், டொக்.

இடது மணிக்கட்டில். அதே இடம். விரல் பனிக்கட்டி.

"எந்திரி" என்றது குரல். புதினாக் குரல். "கூட்டத்துக்கு முன்னாடி போயிடலாம்."

கொட்டகை முழுவதும் நாற்காலிகள் மடங்கின. படபடவென்று, பறவைக்கூட்டம் எழுவதுபோல. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். சால்வை அம்மாள், கடைசி வரிசைக்காரர்கள், எல்லாரும். ஒவ்வொருவருடைய இடது கையும் முன்னால் நீண்டிருந்தது, மணிக்கட்டைப் பிடித்து யாரோ கூட்டிக்கொண்டு போவதுபோல. கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தெரியவில்லை. டீப் பெரியவர் அவள் வரிசையைத் தாண்டிப் போனார். வலது கையில் ஆறிப்போன அந்த இரண்டாவது டீ. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

டிக்கெட் கிழிக்கிறவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே பகல். வெயில் உள்ளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. கதவுக்கு அப்பால் கொட்டகையைவிட இருட்டாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டொக், டொக்.

"மாட்டேன்."

பிடி விழுந்தது. மணிக்கட்டைச் சுற்றி. இழுத்தது. அவள் நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பிவிட்டாள்.

பழக்கம் என்பது வேடிக்கையான சாமான். மேஜரின் வலது கை தானாகப் போய் அந்தக் கையைப் பற்றியது. இரண்டு விரல் தானாக நாடி பார்க்கும் இடத்தைத் தேடிப் போய் அமர்ந்தது. அழுத்தியது. காத்திருந்தது.

இல்லை.

இன்னும் அழுத்தினாள்.

இல்லை. ஈர மண்ணில் விரலை வைத்ததுபோல் உள்ளே போனது. அவ்வளவுதான்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையை விட்டுவிட்டு அலறியிருப்பார்கள். மேஜர் விடவில்லை. ஜுரத்தில் படுக்கையை விட்டு எழுந்து ஓடும் நோயாளியைப் பிடிக்கிற பிடி ஒன்று உண்டு. கட்டைவிரல் மேலே, நாலு விரல் கீழே, ஒரு திருகு. எத்தனையோ பயில்வான்கள் அதில் படுத்திருக்கிறார்கள். அந்தப் பிடியைப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள்.

இழுப்பு.

"உக்காருங்கன்னா உக்காரணும். என் வார்டுல நான் சொல்றதுதான்."

இழுப்பு நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. பாதி. பெருமூச்சு. மீதிப் பாதி.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விசில் ஓய்ந்தது. சக்கரம் அசைந்தது. தூணுக்குப் பின்னால் நின்றவளின் உதடு பிரிந்தது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாவற்றையும் மேஜர் பார்த்தாள். முழுதாக. ஒரு இமை தட்டாமல். அந்தக் கடைசிப் புகை கரைந்து, இசை எழும்பி அடங்கி, எழுத்துகள் மேலே போய் முடியும் வரை. அவள் கன்னத்தில் ஏதோ ஓடியது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை பிடித்திருந்தது, இன்னொன்று பிடிபட்டிருந்தது.

படம் முடிந்தது. வெள்ளைத் திரை.

இப்போது திரும்பினாள்.

அவர்தான். டிப்போக் காக்கிச் சட்டை. வகிடெடுத்த தலை. முகம் திரையைப் பார்த்தபடி, கொஞ்சம் முன்னால் நீட்டி, வெகு ஆவலாக. இரண்டு கண்ணிலும் அவள் வைத்த பஞ்சு. ஒரு வருஷமாகியும் காயவில்லை. இடது பஞ்சுக்கடியிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்து, தாடையில் தொங்கி, சட்டைக் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கடக். மிட்டாய் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போயிற்று. பல் இல்லாத வாய் திறந்தது.

"என்ன ஆச்சு?" என்றார். "கூப்பிட்டாளா?"

மேஜர் பிடியை இறுக்கினாள்.

"சத்தமே கேக்கல. கூப்பிட்டாளா இல்லையா? சொல்லேன். சொல்லிட்டா போயிடுறேன்."

விளக்குகள் எரிந்தன. எல்லா விளக்குகளும். வெறும் கொட்டகை, வரிசை வரிசையாக மடங்கிய நாற்காலிகள், சிந்திய சோளப்பொரி. அவர் போகவில்லை. பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில், தூணைப்போல, பக்கத்து நாற்காலியில். பஞ்சுக் கண்ணை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார். கழுத்து மட்டும் திரும்பியது. திரும்ப வேண்டிய அளவுக்கு மேலும் திரும்பியது.

"கூட்டம் போயிடுச்சு" என்றார். "நாமதான் கடைசி. எனக்குப் பயமா இருக்கு. சொல்லிடு."

அவள் எழுந்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். குடையை எடுத்துக்கொண்டாள். பிடியை விடவில்லை.

"சொன்னா கிளம்பிடுவீங்க" என்றாள் மேஜர். "சொல்ல மாட்டேன். வாங்க வீட்டுக்கு."

கம்பளத்தில் இரண்டு ஈரச் சுவடுகள் அவளுக்குப் பின்னாலேயே கதவு வரை போயின. டிக்கெட் கிழிக்கிறவர் ஒதுங்கி வழிவிட்டார். வெளியே வெயில் அடித்தது. குடை நிழலின் ஒரு பாதியில் அவள் இருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்றே ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: செத்துப்போன அந்தக் கணவர் நான்தான், கூப்பிட்டாளா இல்லையா என்று அவள் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை.